ஹல்டா ஏரியின் அதிகாரபூர்வக் கனம்

டோர்வால் மாவட்டத்தின் வலைப்பக்கத்தில் ஹல்டா ஏரி பதினெட்டு அங்குல கனத்துக்கு உறைந்திருந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி அப்படி உறைந்தது. அதன்பிறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மினசோட்டாவின் வடகோடியில் இவ்வளவு நிலையான ஏரி வேறு கிடையாது. இதில் இயற்கையின் பங்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணைத் தினமும் கையால் தட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஜாய்ஸ் அம்மாள் ஜனவரி ஒன்பதாம் தேதி மாலை ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள், அவருடைய நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தார்கள், அத்தோடு ஏரியும் நின்றுவிட்டது.

நிஜ ஏரிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இந்த வருஷம் பிப்ரவரி பிறந்ததுமே வெயில் சுள்ளென்று அடித்தது. மாவட்டத்தின் ஏரி அளவையாளர் வெர்லின் மோயென் தினமும் காலையில் ஐஸ்மேல் நடந்து, பதினான்கு இடங்களில் துளை போட்டு, கொக்கி வைத்த அளவுகோலை உள்ளே விட்டுப் பார்ப்பார். பார்த்ததைக் கையிலிருக்கும் சின்னக் கணினியில் பதிவார். அந்த எண் நேராக மாவட்ட அலுவலகத்தின் தரவுத்தளத்துக்குப் போய் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து வலைப்பக்கத்துக்கு வர அதற்கு வழியில்லை. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில்தான் இருந்தன.

பிப்ரவரி மூன்றாம் தேதி கனம் பதினாலு. வெர்லின் தன் அண்ணன் ஆரினுக்கு போன் போட்டார். ஆரின் குளிர்காலம் முழுக்க ஏரி நடுவே, கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி, தன் மீன்குடிசையில்தான் குடியிருப்பார். குடிசைக்கு உள்ளே ஒரு அடுப்பு, ஒரு கட்டில், தரையில் தூண்டில் விட ஒரு துளை. வெளியே அவருடைய பழைய லாரி.

"ஆரின், ஏரி கொஞ்சம் இளகற மாதிரி இருக்கு."

"அப்படியா?"

"இன்னைக்குப் பதினாலுதான் இருக்கு."

"பேஜ்ல பதினெட்டுன்னு போட்டிருக்கே."

"அந்த பேஜுக்கு அளவு எடுக்கறவனே நான்தானே ஆரின்."

"நீ எடுக்கறே. போடறது மாவட்டம்" என்று சொல்லி ஆரின் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆரினைக் குறை சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வெர்லின் பேச்சைக் கேட்டு அவர் குடிசையைக் கரைக்கு இழுத்து வந்தார். ஐஸ் அதன்பிறகு பத்தொன்பது நாள் கல்லு மாதிரி நின்றது. அந்தப் பத்தொன்பது நாளில், ஆரினின் குடிசை இருந்த அதே இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து, பதினோரு பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தான். அதன் படம் இன்றுவரை தூண்டில் கடைச் சுவரில் தொங்குகிறது. அன்று முதல் ஐஸ் விஷயத்தில் ஆரினுக்கு மாவட்டத்தின் வார்த்தைதான் வார்த்தை.

ஆகவே வெர்லின் மாவட்டத்தைப் பேச வைப்பது என்று முடிவு செய்தார். மூன்று மாலை நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு சின்ன நிரல் எழுதினார். இருபத்திரண்டு வரி. தரவுத்தளத்தின் கதவைத் தட்டும், இன்றைய எண்ணைக் கேட்கும், வாங்கிக்கொண்டு வந்து வலைப்பக்கத்தில் ஒட்டும், கதவைச் சாத்தும். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயதில் தானே எழுதிய நிரலைப் பார்த்து அவருக்கு உச்சி குளிர்ந்தது. நிரலில் நாலே நாலு இடம் காலியாக இருந்தது: தரவுத்தளம் இருக்கும் இயந்திரத்தின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல்.

அந்த நாலையும் கேட்டு வாங்கத்தான் அவர் மாவட்டத் தரவுப் பராமரிப்புத் துறைக்குப் போனார். துறையின் இயக்குநர் லவோன் சுண்ட்பெர்க் அம்மையார் அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட பிஸ்கட் துண்டு கொடுத்து, முழுக்கக் கேட்டார்.

"சுவாரஸ்யமா இருக்கே வெர்லின்" என்றார்.

நம் மாவட்டத்தில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று சொல்வதில்லை. சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்வார்கள். விஷயம் இன்னும் மோசம் என்றால் வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். வெர்லினுக்கு இது தெரியும். இருந்தாலும் அவர் எழுந்து போகவில்லை. அண்ணனை நினைத்து, இரண்டாவது காபியையும் குடித்தார்.

"அந்த நாலு விவரமும் நாலு பேர்கிட்ட இருக்கு" என்றார் லவோன் கடைசியில். "நாலையும் ஒரே ஆளு தெரிஞ்சுக்கக்கூடாது. அதுதான் நம்ம துறையோட முதல் விதி."

"எனக்குத் தெரிய வேண்டாம். நிரல்ல இருந்தாப் போதும்."

"நிரல்ல இருக்கலாம், தாராளமா. எழுதினவர் பார்க்கக்கூடாது."

"எழுதினவன் நான்தானே?"

"அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

பிப்ரவரி ஒன்பது, கனம் பன்னிரண்டு. வெர்லின் தன் கணினியுடன் கூட்ட அறையில் உட்கார்ந்தார். நாலு அதிகாரிகள் வெளியே வரிசையில் நின்றார்கள். விதிப்படி வெர்லின் தன் கம்பளிக் குல்லாயை மூக்கு வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார். முதலாமவர் வந்து இயந்திரத்தின் பெயரைத் தட்டிவிட்டு, அந்த வரிமேல் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். அடுத்தவர் வந்து தன் வரியைத் தட்டி, தன் காகிதத்தை ஒட்டினார். நாலாவதாகக் கடவுச்சொல் காப்பாளர் டெல்மர். அவர் தட்டும் சத்தம் கேட்டு எண்ணிவிடக்கூடாது என்பதற்காக, தட்டும்போது இன்னொரு அதிகாரி பக்கத்தில் நின்று தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடினார். நல்ல குரல்.

குல்லாயைக் கழற்றி வெர்லின் நிரலை ஓட்டினார். திரையில் ஒரு வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

எங்கே தப்பு என்று பார்க்க வேண்டுமானால் நாலு வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்துப் பார்க்க மாவட்டத்தில் ஒருவருக்கும் அதிகாரமில்லை. நாலு பேரும் தத்தம் காகிதத்தைத் தூக்கி, தத்தம் வரியை மட்டும் பார்த்து, என்னுது சரியா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் சொன்னதும் உண்மைதான்.

லவோன் அம்மையாரை உறுத்தியது வேறு. "மறுக்கப்பட்டது" என்ற சொல்லை அவர் மூன்று தரம் படித்தார். முகம் வாடிவிட்டது.

"நம்ம மாவட்டம் இப்படியா ஒருத்தர்கிட்ட பேசும்? முகத்துல அடிச்ச மாதிரி?"

அன்று பிற்பகலே ஒரு குழு கூடியது. மறுப்புச் செய்தியின் தொனிக்கான குழு. ஏழு பேர், ஆறு நாள், ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குப் பண்டம் மூன்று தட்டு. வெர்லின் தினமும் ஏரியில் துளை போட்டுவிட்டு, ஈரக் காலணியோடு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்லலாம் என்று. யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை அவராகவே வாயைத் திறந்து, "ஐஸ் பத்தரைக்கு வந்தாச்சு" என்றார். "ஆமாமா, இந்த வருஷம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்று ஒருவர் தலையாட்டி, அவருக்கும் ஒரு தட்டு நீட்டினார்.

ஏழாம் நாள் வெர்லின் மறுபடியும் நிரலை ஓட்டியபோது திரை சொன்னது: "இப்போ கொஞ்சம் வசதிப்படாது போல. தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

குழு கைதட்டியது. லவோன் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை வெர்லின் வண்டி நிறுத்தும் இடத்தில் தன் லாரிக் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். கனம் ஒன்பது. காலையில் ஆரினின் குடிசையைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஆரினின் லாரி டயர் தண்ணீரில் நின்றது. ஆரின் ஜன்னல் வழியாகக் கையசைத்தார். வெர்லினும் அசைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அதை நினைத்து அவருக்கு இப்போது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

டெல்மர் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் ஐந்து நிமிஷம் வானத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"உங்க நிரலைப் பத்தி ஒண்ணு சொல்லலாமா? தப்பா நினைச்சுக்கக்கூடாது" என்றார் டெல்மர்.

"சொல்லுங்க."

"பாஸ்வேர்டு எல்லாம் சரிதான். உங்க நிரலுக்குக் கொஞ்சம் மரியாதை பத்தலை."

"மரியாதையா?"

"தரவுத்தளத்துல ஒரே நேரத்துல பத்து இணைப்புதான் இருக்கலாம். ஒன்பது போயாச்சு. அதுல ஒண்ணு ஜாய்ஸோட கணினி, இன்னும் யாரும் அணைக்கலை. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு." டெல்மர் குரலைத் தாழ்த்தினார். "தட்டுல கடைசித் துண்டு இருக்குன்னு வைங்க. எடுத்துக்குங்கன்னு சொன்னா, நம்ம ஊர்ல பொறந்தவன் உடனே எடுத்துடுவானா?"

"எப்படி எடுப்பான்? வேண்டாம்பான்."

"மறுபடியும் சொன்னா?"

"பரவால்ல, நீங்க எடுத்துக்குங்கம்பான்."

"மூணாவது தடவை?"

"சரி, பாதி மட்டும்னு சொல்லி எடுத்துக்குவான்."

"வாசல்ல காவலுக்கு ஒரு நிரல் இருக்கு. நான்தான் எழுதினேன்" என்றார் டெல்மர், கொஞ்சம் வெட்கத்தோடு. "கதவைத் திறந்து, வாங்கன்னு சொல்லும். வர்றவன் ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லணும். முதல் தடவையே உள்ள பாஞ்சா, வெளியூர்த் திருடன்னு அர்த்தம். உங்க நிரல் முதல் தடவையே பாயுது வெர்லின். பார்க்கவே சங்கடமா இருந்துது."

வெர்லினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தன் நிரல் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை மாதிரி நடந்துகொள்ளவில்லையே என்று நிஜமாகவே கூச்சமாகவும் இருந்தது. "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டெல்மர்?"

"நீங்க கேக்கலையே. நானா வந்து சொன்னா அதிகப்பிரசங்கித்தனமா இருக்காதா?"

மறுநாள் வெர்லின் நிரலில் மூன்று வரி சேர்த்தார். கதவு திறந்ததும் "பரவால்ல, வேண்டாம்" என்றது நிரல். மறுபடி கூப்பிட்டபோது "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றது. மூன்றாம் முறை "அப்போ, ஒரே ஒரு எண் மட்டும்" என்று சொல்லி உள்ளே போனது. இரண்டு நொடியில் வலைப்பக்கத்தின் பதினெட்டு மறைந்து, ஏழு என்று வந்தது.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஓர் எண்ணைப் பார்த்ததில்லை. அண்ணன் பிழைத்தான் என்று நினைத்து நாற்காலியில் சாய்ந்தார்.

துறை இதைக் கொண்டாடாமல் விடுமா? அந்த எண்ணை உடனே இறக்கிவிட்டு, பிப்ரவரி இருபத்தாறாம் தேதி முறையான தொடக்க விழா வைத்தார்கள். இடைப்பட்ட நாட்களில் மரியாதைக்காகப் பழைய பதினெட்டையே திரும்ப ஏற்றி வைத்தார்கள். விழாவில் லவோன் அம்மையார் பேசினார்.

"இந்தத் துறைக்கு நான் வந்து பதிமூணு வருஷமாச்சு. தகவலைக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை. இந்தப் பதிமூணு வருஷத்துல ஒரு தகவல்கூட நம்மை விட்டு வெளிய போனதில்லைன்னு பெருமையா சொல்லிக்கறேன். இன்னைக்கு முதல் தடவையா ஒண்ணு போகப் போகுது. இதுக்கு யாரையும் குறை சொல்ல வேண்டாம். பொறுப்பை நான் ஏத்துக்கறேன்."

பொத்தானை அழுத்தினார். ஆறு என்று வந்தது.

"ஆறா?" என்றார் லவோன்.

"ஆறுதான். காலையில பதினாலு இடத்துலயும் பார்த்தேன்" என்றார் வெர்லின்.

"நேத்துவரைக்கும் பதினெட்டு. இன்னைக்கு ஆறுன்னா ஜனங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுடாதா?"

"போடணும்னுதான்..."

"பயந்து போய் ஏரியை விட்டு வந்துடுவாங்க. அப்போ நாம அவங்களை வெளிய வாங்கன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நாம யாரு வெர்லின், ஒருத்தரைப் பார்த்து இப்படிச் செய், அப்படிச் செய்னு சொல்றதுக்கு?" அவர் யோசித்தார். "பதினெட்டும் மாவட்டத்தோட எண்தான். ஆறும் மாவட்டத்தோட எண்தான். ரெண்டுக்கும் மனசு நோகாம நடுவுல ஒண்ணு போடலாமே. ஒரு வரி சேர்த்தா ஆயிடுமா?"

ஆகும்தான். வெர்லின் வாயைத் திறந்தார். முடியாது என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அறையில் இருபது பேர், கையில் காபிக் கோப்பையோடு, அன்பாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, பண்ணிடலாம்" என்றார்.

பக்கத்தில் பன்னிரண்டு என்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பன்னிரண்டு அங்குலம் என்றால் லாரியே ஓட்டலாம்.

வெர்லின் கேக் சாப்பிடவில்லை. வெளியே வந்து, நேராக ஏரிக்கு வண்டியை விட்டு, கரையில் நிறுத்திவிட்டு ஐஸ்மேல் நடந்தார். காலடியில் ஏரி முனகியது. பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது; அந்தப் பன்னிரண்டைத் தன் கையாலேயே போட்டிருந்தார்.

குடிசைக் கதவைத் தட்டாமல் திறந்தார். ஆரின் துளைக்குப் பக்கத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

"வா வா. காபி?"

"வேண்டாம்."

"கொஞ்சமா?"

"ஆரின், ஐஸ் ஆறு அங்குலம்தான் இருக்கு."

ஆரின் போனை எடுத்துப் பார்த்தார். "பன்னெண்டு. இப்பத்தான் மாத்தியிருக்காங்க பாரு. நீ சொன்னது சரிதான், குறைஞ்சுதான் இருக்கு. மாவட்டம் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"காலடியில ஒரு ஓட்டை இருக்கே, அதுல கையை விட்டுப் பாரேன்!"

ஆரின் குனிந்து துளையை நிதானமாகப் பார்த்தார். கையை விட்டார். முழங்கை வரைக்கும்கூடப் போகவில்லை, அடிவிளிம்பு விரலில் தட்டியது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு மாதிரிதான் இருக்கு" என்றார். "ஆனா இது என் ஓட்டை. மாவட்டத்தோட ஓட்டை இல்ல."

வெர்லினுக்குக் கோபம் தலைக்கேறியது. ஐம்பத்தெட்டு வருஷக் கோபம். குடிசை மூலையில் உட்கார்ந்து தன் சின்னக் கணினியைத் திறந்தார். நிரலில் தரவுத்தளத்துக்குப் போகும் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார். மஞ்சள் காகிதம் மூடிய வரிகளும் போயின, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும் வரிகளும் போயின. எதோடும் இணையாத நிரலுக்குத் துறையின் அனுமதி தேவையில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மிஞ்சிய இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் தட்டினார்.

"பேஜைப் பாரு" என்றார்.

ஆரின் பார்த்தார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். டோர்வால் மாவட்டத்தின் முத்திரைக்குக் கீழே, எண் இருக்க வேண்டிய இடத்தில், பெரிய எழுத்தில் இருந்தது: ஆரின், ஏரியை விட்டு வெளிய வா.

"இதை முன்னாடியே போட்டிருக்கலாமே" என்று சொல்லி ஆரின் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஏரியில் இன்னும் பத்துக் குடிசைகள் இருந்தன. அங்கே இருந்தவர்களும் பக்கத்தைப் பார்த்தார்கள். மாவட்டம் ஆரினைத்தான் கூப்பிட்டிருக்கிறது, நம்மை இல்லை. அடுத்தவர் விஷயத்தில் நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். ஆனால் ஒரு மனிதன் தன் குடிசையை இழுத்துக்கொண்டு போகிறான் என்றால் கைகொடுக்காமல் இருப்பது எப்படி? ஒவ்வொருவராகக் கயிற்றோடு வந்தார்கள். லாரியைக் கிளப்பக்கூடாது என்று வெர்லின் கத்தினார். அவர் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் மறுபேச்சில்லாமல் லாரியை அங்கேயே விட்டுவிட்டார்கள். பதினாறு பேர் சேர்ந்து குடிசையைக் கரைக்கு இழுத்தார்கள்.

கரையில் நன்றி சொல்லி, விடைபெற்று, இரண்டடி போய், திரும்பி வந்து, மருமகளின் அறுவைசிகிச்சையை விசாரித்து, மறுபடியும் விடைபெற்று, நம் வழக்கப்படி முக்கால் மணி நேரம் ஆனது. நாலாவது முறை விடைபெறும்போது ஏரி பீரங்கி மாதிரி வெடித்தது. பத்துக் குடிசையும் லாரியும் சாய்ந்து நின்றன. பிறகு லாரி, மூக்கை முன்னால் விட்டு, அவசரமில்லாமல் உள்ளே போனது.

வெர்லின் அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்து, விட்டார்.

"பாத்தியா வெர்லின்?" என்றார் ஆரின். "மாவட்டம் சொன்னா அதுல விஷயம் இருக்கும். நீ சொல்லியிருந்தா நான் அங்கேயே உக்காந்திருப்பேன்."

சாயங்காலம் லவோன் அம்மையார் போன் செய்தார். வலைப்பக்கத்தில் ஒரு வாக்கியம் இருப்பதாகவும், அது மிகவும் வித்தியாசமாக இருப்பதாகவும் சொன்னார். அது எதோடும் இணையவில்லை என்றார் வெர்லின். காகிதம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. போடுவதற்கு அனுமதி தேவையில்லைதான், ஆனால் எடுப்பதற்குத் தேவை என்றார் லவோன். அதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும். வேலைப் பளு காரணமாக, இலையுதிர் காலத்துக்கு முன் குழு கூட வழியில்லை.

ஜூலை மாதம். ஏரி நீலமாக மின்னியது, மீன்கள் கும்பலாகக் கடித்துக்கொண்டிருந்தன. வெர்லின் படகைத் துறையில் கட்டிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். ஆரின் ஒரு கையில் தூண்டிலும் இன்னொரு கையில் போனுமாகக் கரையிலேயே நின்றார். பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தார், அந்த வாக்கியம் அப்படியே இருந்தது, பெருமூச்சு விட்டார்.

"நீ போ வெர்லின்" என்றார். "உனக்கு ஒண்ணும் போடலையே."